கீறலைத் தேய்க்கும் முன் அதன் ஆழத்தைப் பாருங்கள்

குடும்பத்துக்கென்று வாங்கிய பழைய காரில் கீறல் இருப்பது இயல்பு. வருத்தம் தருவது அதுவல்ல. கீறலை எடுக்கிறேன் என்று ரப்பிங் காம்பவுண்டை (பெயிண்டை லேசாகத் தேய்த்தெடுக்கும் பசை) அள்ளிப் போட்டுத் தேய்த்து, நல்லாயிருந்த இடத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடுவதுதான்.

இன்றைய கார்களில் தகரத்தின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் ப்ரைமர் எனும் அடிப்பூச்சு, பிறகு நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். நாம் எழுதும் தாளின் தடிமனில் ஏறக்குறைய பாதி. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது இந்த மெல்லிய படலம்தான். தேய்த்து எடுத்தது திரும்ப வளராது. இதற்கு முன் வைத்திருந்தவர் எத்தனை முறை பாலிஷ் போட்டார் என்பதும் நமக்குத் தெரியாது.

அதனால் முதல் வேலை ஆழம் பார்ப்பது. காரை ஷாம்பூ போட்டுக் கழுவி, கீறலின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியர் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. அந்த வெள்ளைக் கோடு ப்ரைமர் அல்ல. கீறலின் ஓரங்களில் ஒளி சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அடுத்து நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்காமல் வழுக்கினால் பாலிஷ் போதும். தடுத்தால் பாலிஷால் முழுதாகப் போகாது. போகும்வரை தேய்த்தால் கிளியர் கோட்தான் போகும். பற்பசையும் எண்ணெய் ஸ்ப்ரேயும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் கீறலை நிரப்பிக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். பற்பசைத் துகள் பெயிண்டுக்காகத் தரம் பிரித்ததல்ல.

சில 'கீறல்கள்' கீறலே அல்ல. வேறு வண்டியின் பெயிண்டோ சுவர்ச் சுண்ணாம்போ ஒட்டிக்கொண்டிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து மெதுவாகத் துடைத்தாலே நிறைய வந்துவிடும். தின்னர் பக்கம் போகாதீர்கள், குறிப்பாக மறுபெயிண்ட் அடித்த வண்டியில்.

மறுபெயிண்டா என்று அறிய, கதவு, கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கைச் சற்று விலக்கிப் பாருங்கள். ரப்பரில் பெயிண்ட் தூசி, டேப் ஒட்டிய கோடு இருந்தால் அடித்திருக்கிறார்கள். சிறு காந்தத்தைத் துணியில் சுற்றித் தகரத்தில் வைக்கும்போது ஓரிடத்தில் மட்டும் பிடிப்புத் தளர்ந்தால் அடியில் பட்டி (நெளிவை நிரப்பும் பசை) தடிமனாக இருக்கலாம். அங்கே உப்புத்தாளே வேண்டாம்.

இனி நகம் தடுக்கும் கீறல். நிறக் குறியீடு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும். அதன்படி டச்-அப் பெயிண்ட் (சிறு கீறலை நிரப்பும் குட்டிப் பாட்டில் பெயிண்ட்) வாங்கினாலும், வெயிலில் வெளுத்த பழைய நிறத்தோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகாது. மெட்டாலிக் என்றால் இன்னும் சிரமம். உலோகத் துகள் எப்படிப் படிகிறதோ அப்படித்தான் நிறம் தெரியும். பாட்டிலை இரண்டு நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள். துகள் அடியில் தங்கிவிட்டால் தவறான நிறம்தான் வரும்.

மூடியோடு வரும் பிரஷ் பெரும்பாலான கீறலுக்கு மிகத் தடிமன். பல்குத்தும் குச்சியின் முனையில் ஒரு துளி எடுத்துப் பள்ளத்துக்குள் மட்டும் ஓடவிடுங்கள். அரை மணி நேரம் காயட்டும், திரும்ப ஒரு துளி. கரைப்பான் ஆவியாகும்போது பெயிண்ட் சுருங்கும். ஒரே தடவை நிரப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரமாகவே நிற்கும். நிறம் சுற்றுப்பரப்பைவிடச் சற்றுத் தாழ்வாக நிற்கட்டும். மிச்சப் பள்ளத்தை நிறமில்லாத கிளியர் பெயிண்ட் நிரப்பி, ஒரு நூலிழை மேடாக நிற்கட்டும். நேர் வெயிலிலும் மழை ஈரத்திலும் செய்யாதீர்கள். ஈரக்காற்றில் கிளியர் பால்போல் வெளுத்துப் போகும்.

சமப்படுத்த அவசரம் வேண்டாம். ஒரு வாரம் விட்டுவிடுங்கள். 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் நைசான உப்புத்தாள்) கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சிறு அழிரப்பரில் சுற்றி, அந்த மேட்டை மட்டும் தேயுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பூ சேர்த்தால் தாள் அடைக்காது. தேய்க்கும் தண்ணீர் வெள்ளைப் பால்போல் வந்தால் அது கிளியர். காரின் நிறமே வந்தால் உடனே கையை எடுங்கள். (கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சு வண்டிகளில் மட்டும் நிறம் வருவது இயல்பு.) பிறகு 3000, அதன்பின் காம்பவுண்ட், கடைசியாக மென்மையான பாலிஷ். கதவு விளிம்பு, மடிப்புக் கோடுகளில் பெயிண்ட் எளிதில் தேய்ந்துவிடும். வேலை தொடங்கும் முன்பே அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

தகரம் தெரிந்தால் கதையே வேறு. பெயிண்ட் கொப்பளித்திருந்தால் அடியில் துரு ஓடுகிறது. மேலே பூசினால் துரு உள்ளேயே பரவும். 320 நம்பர் உப்புத்தாளால் பளபளக்கும் தகரம் வரும்வரை சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, அன்றே எபாக்ஸி ப்ரைமர் பூசுங்கள். ஒரு ராத்திரி திறந்து கிடந்தாலும் துரு திரும்பத் தொடங்கும். பிளாஸ்டிக் பம்பருக்குத் துருப் பயம் இல்லை. ஆனால் பிளாஸ்டிக்குக்கென்று உள்ள பிடிப்பு ப்ரைமர் இல்லாமல் பூசினால் உரிந்து வரும்.

கதவின் நடுப்பகுதியில் அடிக்க ஸ்ப்ரே டப்பா எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓரக்கோடு தெரியும், பெயிண்ட் தூசி கண்ணாடிவரை படியும். ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த டூ-கே கிளியரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது நுரையீரலைப் பாதிக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை அடிப்பது கூடவே கூடாது. கிளியர் கோட் தோல்போல உரியும் பானெட்டும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

மூன்றடி தள்ளி நின்றால் கண்ணில் படாத அளவுக்கு வந்தாலே பழைய காருக்கு அது நல்ல வேலை. அத்தோடு நிறுத்துங்கள். பூசிய இடத்தில் ஒரு மாதம் வாக்ஸ் போடாதீர்கள், கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். பிரஷர் வாஷ் அந்தப் பக்கம் இரண்டு வாரமாவது வேண்டாம். பறவை எச்சம் விழுந்தால் காயவிடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். புதுப் பெயிண்டை அது சீக்கிரம் அரிக்கும்.