யூதனைப் பார் எண்டு சொல்லுற அண்ணைக்கு

போன மாதம் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. கொத்துரொட்டி முடிந்து, ஆம்பிளையள் எல்லாரும் கராஜுக்குள் கதிரை போட்டு உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்த நேரம். யாரோ வடக்கு ஒன்ராறியோவின் றிசேர்வ்களில், அதாவது முதற்குடி மக்களுக்கென்று ஒதுக்கிய நிலங்களில், உள்ள வீட்டுப் பிரச்சினையைப் பற்றிக் கதை எடுத்தார். இங்கே வந்து முப்பது வருடமான அண்ணை ஒருவர் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"உவையளுக்கு அரசாங்கம் காசை அள்ளிக் குடுக்குது. காணி இருக்கு, எண்ணெய் இருக்கு, வைரமும் இருக்கு. ஆனா ஒண்டும் செய்யமாட்டினம். யூதனைப் பார். அவ்வளவு அழிவுக்குப் பிறகும் வந்து பாலைவனத்தில ஒரு நாட்டைக் கட்டினான்."

எங்கள் ஆட்களுக்கு இந்த யூத உதாரணம் புதிதில்லை. "யூதரைப் போல நாங்களும் ஒருநாள்" என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களைப் பற்றிச் சொல்லும்போது அதில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதையே எடுத்து இன்னொரு சனத்தின் முதுகில் அடிக்கும்போதுதான் எனக்கு நெஞ்சில் ஏதோ இடறியது. அன்றைக்குப் பதில் சொல்ல வாய் திறந்தேன், கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் காக்ரேனில் இருந்து மூஸோனிக்கு ரயிலில் போனேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஜன்னலுக்கு வெளியே குட்டைக் கறுப்பு மரங்களும் சதுப்பும், பிறகு மறுபடியும் குட்டைக் கறுப்பு மரங்களும் சதுப்பும். அந்த ஊருக்குத் தெற்கிலிருந்து வருடம் முழுக்க ஓடக்கூடிய கார்ப் பாதை கிடையாது. இறங்கி, படகு பிடித்து ஆற்றைக் கடந்தால் மூஸ் ஃபாக்டரி என்ற தீவு. ஹட்சன் பே கொம்பனி என்ற ஆங்கிலேயத் தோல் வியாபாரக் கொம்பனி 1673இல் அங்கே கடை போட்டது. அதாவது, எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலத்திலேயே கிறீ என்ற முதற்குடி மக்கள் ஐரோப்பியரோடு பீவர்த் தோல் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். மூன்று நூற்றாண்டு வட அமெரிக்கத் தோல் வணிகம் இவர்களைப் போன்ற முதற்குடிகளின் உழைப்பில் நடந்தது. "ஒண்டும் செய்யமாட்டினம்" என்ற வாக்கியத்தை அந்தப் படகுத்துறையில் நின்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

அந்த ஆறு போய் விழுவது ஜேம்ஸ் குடாவில். அண்ணைக்கு என்னுடைய பதில் முழுக்க அந்தக் குடாவில்தான் இருக்கிறது. மேற்குக் கரை ஒன்ராறியோ: மூஸ் ஃபாக்டரி, ஃபோர்ட் ஆல்பனி, கஷேச்செவன், அட்டாவாபிஸ்கட். கிழக்குக் கரை கியூபெக்: வாஸ்ககானிஷ், ஈஸ்ட்மெயின், வெமின்ஜி, சிசாசிபி. இரண்டு கரையிலும் கிறீ மக்கள்தான். பேச்சு வழக்கில் வித்தியாசம் உண்டு. ஆனால் அதே குளிர், அதே வாத்து வேட்டை, பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போன அதே விடுதிப் பள்ளிகள். கிறீயின் குணம்தான் வறுமைக்குக் காரணம் என்றால் இரண்டு கரையும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும்.

மேற்குக் கரைக்கு 1905இல் ஆணையாளர்கள் ஒப்பந்தக் கடதாசியோடு வந்தார்கள். ஒன்பதாம் இலக்க ஒப்பந்தம். அதன் நிபந்தனைகளை ஒட்டாவா மத்திய அரசும் ஒன்ராறியோ மாகாண அரசும் முன்கூட்டியே தங்களுக்குள் பேசி முடித்திருந்தன. அங்கே போனது கையெழுத்து வாங்கத்தான். கிழக்குக் கரையில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 1971இல் கியூபெக் முதல்வர் ரொபேர் பூராசா அந்தப் பக்கத்து ஆறுகளில் பிரமாண்டமான மின் திட்டம் வரப்போகிறது என்று அறிவித்தார். அந்த ஆற்றங்கரைகளில் இருந்த சனத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிறீ இளைஞர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். பின்னாளில் பெருந்தலைவரான பில்லி டயமண்டுக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயது. 1973 நவம்பரில் நீதிபதி மலூஃப் வேலையை நிறுத்தச் சொன்னார். ஒரு வாரத்தில் மேல்நீதிமன்றம் அந்தத் தடையைத் தூக்கியது. ஆனால் அந்த ஒரு வாரம் அரசாங்கத்தைப் பேச்சு மேசைக்குக் கொண்டுவரப் போதுமாயிருந்தது.

1975இல் ஒப்பந்தம். கிறீ மக்கள், வடக்கே வாழும் இனுயிட் மக்கள் இரு சாராருக்கும் சேர்த்து 225 மில்லியன் டொலர். எல்லாரும் இந்தத் தொகையைத்தான் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதோடு கிடைத்த மற்றச் சாமான்கள்: தங்களுடைய சொந்தப் பள்ளிச் சபை, சொந்த சுகாதாரச் சபை, ஊராட்சி. காட்டில் போய் வேட்டையாடி வாழும் குடும்பத்துக்கு, அதை ஒரு தொழிலாக மதித்து வருமானம் கொடுக்கும் திட்டம். வேட்டைக்குப் போவதைச் 'சும்மா இருப்பது' என்று எழுதாத ஒரு சட்டம். பிறகு 1982இல் சொந்த விமான சேவை, எயர் கிறீபெக். அடுத்த பெரிய அணைத் திட்டம் வந்தபோது 1990இல் வள்ளத்திலேயே நியூயோர்க் வரை துடுப்புப் போட்டுப் போய், மின்சாரம் வாங்க இருந்தவர்களிடமே முறையிட்டார்கள். 1994இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2002இல் கியூபெக்கோடு இன்னொரு உடன்படிக்கை, 50 வருடத்தில் 3.5 பில்லியன் டொலர்.

சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. முதல் கட்டத்திலேயே பதினோராயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம் தண்ணீருக்குள் போனது. மீனில் பாதரசம் ஏறியது. ஃபோர்ட் ஜோர்ஜ் தீவு முழுவதையும் கிளப்பிச் சிசாசிபியில் குடியேற்றினார்கள். 1984இல் கனியாபிஸ்காவ் ஆற்றில் சுமார் 10,000 கரிபு மான்கள் மூழ்கிச் செத்தன. இன்றைக்கும் நீரிழிவு பெரிய தலையிடி, வீடும் போதாது. ஆனால் முடிவு எடுக்கிற மேசை அவர்களுடைய ஊரில் இருக்கிறது.

மேற்குக் கரையில் அந்த மேசை இல்லை. கஷேச்செவனில் 2005இல் குடிதண்ணீரில் கிருமி என்று ஊரையே காலி செய்தார்கள். வசந்தத்தில் ஆறு பெருகினால் மறுபடி விமானம் ஏற வேண்டும். அட்டாவாபிஸ்கட்டில் 2011இல் வீட்டு நெருக்கடிக்கு அவசரநிலை, 2016இல் பிள்ளைகள் உயிரை மாய்க்க முயன்றதால் இன்னொரு அவசரநிலை. அண்ணை சொன்ன வைரம் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. 2008இல் சுரங்கம் திறந்தார்கள், 2019இல் தோண்டி முடித்துவிட்டார்கள். நிலத்துக்கு அடியில் உள்ளதன் அரச உரிமைப் பங்கு மாகாணத்துக்குத்தான் போகும். ஊருக்குக் கிடைத்தது கொம்பனியோடு செய்துகொண்ட உடன்பாட்டுக் காசும் கொஞ்ச வேலைகளும்.

இனி இஸ்ரேலுக்கு வருவோம்.

1948இல் எட்டு இலட்சத்துச் சொச்சம் சனத்தோடு தொடங்கிய நாடு, மூன்றரை வருடத்தில் இரட்டிப்பானது. வந்தவர்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தகரக் கொட்டில்களிலும் கூடாரங்களிலும் இருந்தார்கள். உணவுக்குக் கூப்பன். அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்று ஆள்வீதம் 50,000 டொலருக்கு மேல் உற்பத்தி, ஆராய்ச்சிக்கு நாட்டின் வருமானத்தில் 5 வீதத்துக்கு மேல் செலவு. உலகில் மிகச் சில நாடுகளே அந்தப் பக்கம் போயிருக்கின்றன.

ஆனால் வெறுங்கையோடு தொடங்கினார்கள் என்பது கதை. ஹைஃபாவில் தெக்னியோன் 1924இல் பாடம் தொடங்கியது. எருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகம் 1925இல் திறந்தது. நாடு வருவதற்கு இருபது வருடத்துக்கு முன்பே பல்கலைக்கழகம், தொழிற்சங்கம், வைத்தியக் காப்புறுதி எல்லாம் இருந்தன. இதே கணக்கைக் கிறீ பக்கம் போட்டுப் பாருங்கள். கனடாவின் 1876ஆம் ஆண்டு இந்தியர் சட்டப்படி, ஒரு முதற்குடி மகன் பல்கலைக்கழகப் பட்டம் எடுத்தால் அல்லது வழக்கறிஞரானால் 'இந்தியர்' என்ற அந்தஸ்தையே இழக்கலாம். படித்தால் தன் சனத்தை விட்டு வெளியே போ என்று பொருள். 1927 முதல் 1951 வரை, காணிக் கோரிக்கைக்கு வழக்கறிஞர் வைக்கக் காசு சேர்ப்பதே அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம்.

பாலைவனத்தைப் பூக்க வைத்த கதைக்கும் ஒரு ஜோடி உண்டு. சஸ்காச்சுவான் பக்கத்துச் சமவெளிக் கிறீ மக்கள் காட்டெருமை அழிந்தபின் கமம் செய்ய முன்வந்தார்கள், செய்தும் காட்டினார்கள். 1889இல் ஹேட்டர் ரீட் என்ற அதிகாரி புதுக் கொள்கை கொண்டுவந்தார்: இவர்கள் இயந்திரம் பாவிக்கக் கூடாது, ஐரோப்பியக் குடியானவனைப் போல அரிவாளும் மண்வெட்டியும் போதும். விளைந்ததை விற்க அதிகாரியிடம் சீட்டு வாங்க வேண்டும். பக்கத்துக் காணி வெள்ளைக்காரனுக்கு அறுவடை இயந்திரம், இவனுக்கு அரிவாள். அந்தச் சீட்டு விதி சட்டப் புத்தகத்திலிருந்து போனது 2014இல். ஆம், 2014. (யாஃபா தோடம்பழம் சியோனிய யூதக் குடியேற்றத்துக்கு முன்னமே பாலஸ்தீன விவசாயிகள் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த சாமான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.)

நட்டஈட்டுக் காசு விஷயம் இன்னும் சுவாரசியம். 1952இல் மேற்கு ஜேர்மனி, நாசிகள் செய்த அழிவுக்காக, இஸ்ரேலுக்கு 3 பில்லியன் மார்க் தர ஒத்துக்கொண்டது. இரத்தக் காசு வேண்டாம் என்று எருசலேமில் கல்லெறி நடந்தது, நாடாளுமன்றத்தில் 61க்கு 50 என்று மயிரிழையில் தீர்மானம் தப்பியது. பெரும்பகுதி பொருளாக வந்தது: கப்பல், இயந்திரம், மின்நிலையக் கருவி. எதை வாங்குவது என்று அவர்களே தீர்மானித்தார்கள்.

அல்பேர்ட்டாவில் மஸ்குவாசிஸ் கிறீ மக்களுக்கு எண்ணெய் இருந்தது. அண்ணை சொன்ன அதே எண்ணெய். 1946இல் கனிம உரிமையை ஒட்டாவாவிடம் பொறுப்புக் கொடுத்தார்கள். காசு வந்தது, கோடிக்கணக்கில் வந்தது. அது போனது அரசாங்கத்தின் பொதுக் கணக்குக்கு, அரசாங்கமே வைத்த வட்டி வீதத்துக்கு. எங்கள் காசை ஒழுங்காக முதலீடு செய்யவில்லையே என்று வழக்குப் போட்டார்கள். 2009இல் உச்சநீதிமன்றம் சொன்னது: அப்படி முதலீடு செய்ய அரசுக்குக் கடமை இல்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கு 18 வயதானதும் ஒரு பெரிய தொகை கையில் கிடைக்கும், பல பேருடையது சில மாதத்தில் காரும் கண்ணீருமாகப் போனது. அதில் ஊர்த்தலைமைக்கும் பங்கு உண்டு, மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு சனத்தின் கையில் மூலதனத்தை விட்டுவைக்காமல் செலவுக்காசை மட்டும் கொடுத்தால் வேறு என்ன நடக்கும்?

காணியையும் பார்த்துவிடுவோம். இஸ்ரேலில் சுமார் 93 வீத நிலம் அரசினதும் யூத தேசிய நிதியத்தினதும் கையில்தான். சனம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து வீடு கட்டுகிறது, அந்தக் குத்தகையை நம்பி வங்கி கடன் கொடுக்கிறது. றிசேர்வ் நிலமும் அரசின் பெயரில்தான். ஆனால் இந்தியர் சட்டத்தின் 89ஆம் பிரிவுப்படி அங்குள்ள சொத்தைப் பொதுவாக வெளியாரான வங்கிக்கு அடமானம் வைக்க முடியாது. ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் எப்படி எழும்பினார்கள்? முதல் வீட்டை அடமானம் வைத்து இரண்டாவது வீடு, அதை வைத்து ஒரு கடை. அண்ணையும் அப்படித்தான். அந்த முதல் படியே இல்லாத ஊரைப் பார்த்து ஏன் ஏறவில்லை என்கிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகும், கிறீயையும் இஸ்ரேலியரையும் ஒப்பிடுவதே பிழையான ஜோடி என்றுதான் எனக்குப் படுகிறது. ஒருவருக்கு இராணுவமும் நாணயமும் அரசும், வருடத்துக்கு 3.8 பில்லியன் டொலர் அமெரிக்க உதவியும் உண்டு. மற்றவர் அல்பேர்ட்டாவில் இருந்து கியூபெக் வரை சிதறிய மூன்றரை இலட்சம் பேர். கிறீக்கு இஸ்ரேலில் ஜோடி தேட வேண்டுமானால் தெற்கே நெகேவுக்குப் போகவேண்டும். பெதுவின் அரபு மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அந்த அசல் பாலைவனத்தில். அரசு அங்கீகரிக்காத ஊர்கள் இன்னும் முப்பதுக்கு மேல். பொது மின்கம்பி வராது, தண்ணீர்க் குழாய் வராது. அல் அராகிப் என்ற ஊரை 2010 முதல் இருநூறு தடவைக்கு மேல் இடித்திருக்கிறார்கள், சனம் திரும்பத் திரும்பக் கொட்டில் போடுகிறது. 'யாருக்கும் சொந்தமில்லாத தரிசு' என்று அவர்கள் காணியைப் பற்றி எழுதிய கடதாசியும், இங்கே கிறீ காட்டைப் பற்றி எழுதிய கடதாசியும் ஒரே பேனாவால் எழுதியவை போல இருக்கும். 1948இல் வீடு விட்டுப் போன ஏழு இலட்சம் பாலஸ்தீனரைப் பேசாமல் அந்த நாட்டின் வெற்றிக் கணக்கை மூடவும் முடியாது. நாட்டுக்குள்ளேயே ஐந்தில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே, அதில் பெரும்பகுதி அரபு மக்களும் மதத்தீவிர யூதரும்.

கனடிய அரசே ஊர்களின் நல்வாழ்வுக்கு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுகிறது. 2016இல் முதற்குடி ஊர்களின் சராசரி 58.4, மற்ற ஊர்களுக்கு 77.5. இந்த இடைவெளி 1981இல் இருந்ததும் கிட்டத்தட்ட இதேதான்.

நேற்று அண்ணைக்கு ஃபோன் எடுத்து இதில் பாதியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், அதற்கு நன்றி. கடைசியில், "சரி, அந்த ஒன்பதாம் நம்பர் ஒப்பந்தத்தில ஆளுக்கு எவ்வளவு குடுக்கினம்?" என்று கேட்டார்.

"நாலு டொலர் அண்ணை."

"மணித்தியாலத்துக்கோ?"

"வருசத்துக்கு. 1905இல எழுதினது, இண்டைக்கும் அதுதான்."

கொஞ்ச நேரம் லைன் கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன்.