முதுகுல இருக்குற பேரு

இத்தாலி ஃபுட்பால் கிளப் இன்டர் மிலன் மேட்ச் பாக்குறவங்க, அதுல ஆடுற பியோ எஸ்போசிட்டோ ஜெர்சில இருக்குற பேர என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? லத்தீன்ல எக்ஸ்போசிட்டுஸ்னா வெளிய போட்டதுன்னு அர்த்தம், அதாவது பெத்தவங்க விட்டுட்டுப் போன புள்ள.

இத்தாலில நேப்பிள்ஸ் ஊர்ல அன்னுன்சியாத்தான்னு ஒரு பழைய ஆஸ்பத்திரி, தெருப்பக்கம் சுவத்துல ஒரு ஓட்டை, அதுக்குள்ள சுத்துற மர உருளை. குழந்தைய அதுல வச்சு திருப்பிவிட்டா உள்ள போயிரும், உள்ள வேலை பாக்குறவங்க எடுத்துக்குவாங்க, வச்சது யாருன்னு மூஞ்சி தெரியாது. 1875ல தான் அத மூடுனாங்க. அப்படி வந்த புள்ளைங்களுக்கு நோட்டுல எழுதுன குடும்பப் பேரு தான் எஸ்போசிட்டோ. ஊருக்கு ஊர் இதுக்கு ஒரு பேரு உண்டு, ஃப்ளோரன்ஸ்ல இன்னொச்சென்ட்டி, ரோம்ல ப்ரொயெத்தி, மிலன்ல கொலம்போ (அந்த ஊர் ஆஸ்பத்திரியோட சின்னம் புறா, அதான்).

இதச் சொன்னா உடனே "அய்யோ அநாதைப் பேரா"ன்னு உச்சு கொட்டுறாங்க பாருங்க, எனக்கு அங்க தான் கடுப்பாகும். அந்த அம்மாக்கள கல்நெஞ்சக்காரின்னு சொல்றவங்க மேல அதவிட கடுப்பு. ஃப்ளோரன்ஸ்ல அந்த இன்னொச்சென்ட்டி ஆஸ்பத்திரி இப்போ மியூசியம், அங்க பாதியா வெட்டுன பதக்கமெல்லாம் வச்சிருக்காங்க. ஒரு பாதி புள்ளயோட, இன்னொரு பாதி அம்மாகிட்ட, என்னைக்காவது திரும்பி வந்து ரெண்டையும் ஒட்டவச்சுக் காட்டி இது என் புள்ளதான்னு கேக்கலாம்னு ஒரு நப்பாசை. வேணாம்னு தூக்கிப் போடுறவ உட்கார்ந்து பதக்கத்த வெட்டிட்டு இருப்பாளா சொல்லுங்க. வறுமை, ஊர் வாய், கல்யாணம் ஆகாம பொறந்ததுன்னு ஆயிரம் இருந்திருக்கும்.

இப்போ நேப்பிள்ஸ் பக்கம் எங்க திரும்புனாலும் எஸ்போசிட்டோ தான், ஒருத்தரும் வெக்கப்படுறதில்ல. முன்னாடி ஜென்னாரோ சேந்துட்டா அக்மார்க் நேப்பிள்ஸ்காரன், ஏன்னா அந்த ஊர் காவல் புனிதர் சான் ஜென்னாரோ, செப்டம்பர் 19 அவரு திருவிழா. ஜனவரி மாசப் பேரும் இந்தப் பேரும் ஒரே வேர் தான், ஆனா திருவிழா செப்டம்பர்ல, அது தனி காமெடி.

பியோவும் நேப்பிள்ஸ் பக்கத்துல காஸ்டெல்லாமாரே பையன் தான். 2025 செப்டம்பர்ல இத்தாலி டீம்ல அவன முதல்முதலா எறக்குன கோச் கட்டூசோ, அவரு முதல் பேரு என்ன? ஜென்னாரோ. ஆனா மனுஷன் நேப்பிள்ஸ்காரரே இல்ல, கலாப்ரியாங்குற வேற பகுதிக்காரரு 😄

அப்புறம் கமென்ட்ரில எஸ்போ-ஸீ-ட்டோன்னு இழுக்காதீங்கப்பா, அழுத்தம் "போ" மேல.