டிஏசி வடிகட்டியை மாற்றினால் நாதஸ்வரம் உயிர்பெறுமா?

எண்வடிவ இசையை மின்னலையாக மாற்றும் டிஏசி கருவியின் வடிகட்டியை, உயர் அதிர்வெண்களைப் படிப்படியாகக் குறைக்கும் ‘மெதுவான சரிவு’ என்னும் அமைப்புக்கு மாற்றினால் ஹெட்ஃபோனில் நாதஸ்வரமும் தவிலும் நேரில் கேட்பதுபோல் ஒலிக்கும் என்றும், வழக்கமான அமைப்பு ஒவ்வொரு தவிலடிக்கும் முன்னே போலி அதிர்வைச் சேர்க்கிறது என்றும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிவருகிறது. இதன் முடிவு தவறானது.

குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுவதால் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரையே பதிவாகும். அதற்கு மேல் தோன்றும் போலிப் பிம்பங்களை அகற்றுவதே வடிகட்டியின் வேலை. விரைவான சரிவுள்ள நேர்கட்ட வடிகட்டியில் (எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவு தாமதிக்கும் வழக்கமான வகை) முன்னதிர்வு, அதாவது ஒலிக்கு முன்னே எழும் போலி அதிர்வு, உண்டு என்பது மெய்தான். ஆனால் அது 22 கிலோஹெர்ட்ஸை ஒட்டியே நிகழ்கிறது. இளஞ்செவிக்கே ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை, நடுவயதினருக்கு அதுவும் எட்டாது. செய்தியோடு வரும் அச்சுறுத்தும் வரைபடமோ ஒரே ஓர் அளவீட்டில் மட்டும் எழுந்து மறையும் துடிப்பைச் செலுத்தி எடுக்கப்படுவது. ஒழுங்காகப் பதிவான இசையில் அத்தகைய துடிப்பு இராது.

வடிகட்டியே இல்லாத ‘என்ஓஎஸ்’ முறை மட்டும் விதிவிலக்கு. அதில் 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபலும், 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபலும் குறைவதால், கூர்ந்த செவிக்கு ஒலி சற்று மழுங்கித் தெரியலாம். ஹெட்ஃபோனைச் சிறிது நகர்த்தி அணிந்தாலே இதைவிடப் பெரிய மாற்றம் நேரும். ஐயமுள்ளவர்கள் ஒலியளவைச் சமமாக்கி, எந்த அமைப்பு ஒலிக்கிறது என்று தமக்குத் தெரியாதபடி வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.