ரெண்டு ஹியூம் பைப் போட முடியாதா?

சேலத்துல எங்க பக்கம் திருமணிமுத்தாத்து மேல இருந்த பழைய பாலத்தை, புதுசு கட்டறதுக்காக இடிச்சுட்டாங்க. இடிச்சது தப்புன்னு சொல்லலை. கைப்பிடிச் சுவர் சரிஞ்சு, அடியில கம்பி துருப்பிடிச்சு வெளியே தெரிஞ்சுது. வயிறு எரியறது எங்கன்னா, இடிச்சதுக்கு அப்புறம்தான் "அடடா, குடிநீர்க் குழாய் குறுக்கே போகுதே, இ.பி. கம்பம் நிக்குதே, கேபிள் தொங்குதே"ன்னு ஒவ்வொண்ணா கண்டுபிடிக்கிறாங்க. குழாயை மாத்த ஒரு ஆபீஸ், கம்பத்தை நகர்த்த இன்னொரு ஆபீஸ். ஜேசிபி வர்றதுக்கு முன்னாடியே இதை முடிச்சா என்னங்க குறைஞ்சுடும்?

எங்க தொழில் கொலுசு. கம்பி இழுக்கிற பட்டறை இக்கரையில, பொடி வச்சு ஊதிப் பத்த வைக்கிறவங்க அக்கரையில, மெருகுக்கு மறுபடியும் இக்கரை. முன்னாடி பொம்பளைங்க வெள்ளியை மடியில முடிஞ்சுக்கிட்டு நடந்தே போயிடுவாங்க. இப்ப ஊரைச் சுத்தி மெயின் ரோட்டுல, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல போகணும். கூலி என்னவோ அதே கூலிதான், பெட்ரோலும் ஷேர் ஆட்டோவும் நம்ம கணக்கு. பள்ளிக்கூடப் பசங்க ரொம்ப விவரம்: சென்ட்ரிங் பலகையைக் குறுக்கே போட்டு அது மேல நடக்குதுங்க. கீழே சாக்கடை, அதுல கம்பி குத்திட்டு நிக்குது. பார்த்தாலே ஈரக்குலை நடுங்குது.

சைட் சூப்பர்வைசர்கிட்ட கேட்டா, "அண்ணா, சென்னையில பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்துக்கே இழுக்குதுங்கண்ணா, நம்ம ஊரு எம்மாத்திரம்?"ங்கறாரு.

எதை எதோட சேர்க்கறாரு பாருங்க! அந்தக் கால்வாய் 1806-ல வெட்ட ஆரம்பிச்சது. ஆந்திராவில பெத்தகஞ்சாம்ல இருந்து மரக்காணம் பக்கம் வரைக்கும் ஏறக்குறைய 420 கிலோமீட்டர், உப்பும் விறகும் ஏத்திக்கிட்டுப் படகு போன வழி. படகு போற கால்வாய்க்கு மேல பாலம்னா அடியில உயரம் விடணும். உயரம் விட்டா ரெண்டு பக்கமும் ரோட்டை ஏத்தணும், அதுக்கு இடம் எடுக்கணும். 2008-ல தேசிய நீர்வழி 4-லயும் அதைச் சேர்த்தாச்சு. (அதே கால்வாய்க்குள்ளதான் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டிருக்காங்க, அந்தக் கூத்தை இன்னொரு நாள் பேசுவோம்.) திருமணிமுத்தாத்துல எந்தப் படகுங்க போகுது? சேர்வராயன் மலையில இறங்கி, சுகவனேஸ்வரர் கோயில் பக்கமா ஓடி, நாமக்கல் தாண்டிக் காவேரியில சேர்ற ஆறு. ஊருக்குள்ள சாக்கடையும் சாயத்தண்ணியும்தான். வெள்ளம் போக வழி விட்டாப் போதும்.

வேகத்தைப் பத்திப் பேசினா இன்னும் ஆத்திரம் வருது. அந்தக் கால்வாய்ல அடையாத்தையும் கூவத்தையும் சேர்க்கிற 8 கிலோமீட்டரை 1877-78-ல, தாது வருசப் பஞ்சத்துல, பட்டினி கிடந்த சனங்களை வச்சு வெட்டினாங்க. அதே பஞ்சம்தான் சேலம் ஜில்லாவையும் சூறையாடுச்சு. 1877-ல, பஞ்சத்தைப் பார்க்க வெள்ளைக்கார சர்க்கார் அனுப்பின டெம்பிள் துரை பஞ்ச வேலைக்கு வச்ச கூலி, ஆம்பளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். அந்தக் கொடுமை யாருக்கும் வேண்டாம். ஆனா எலும்பும் தோலுமா இருந்தவங்க மண்வெட்டியும் கூடையும் வச்சு முடிச்சிருக்காங்க. கிரேன், ரெடிமிக்ஸ் லாரி எல்லாம் இருந்தும் ஒரு வாய்க்கா அகலத்தைத் தாண்ட உங்களுக்கு என்ன வந்துச்சு? கான்கிரீட் பலம் பிடிக்க 28 நாள் ஆகும்னு பாடம் வேற நடத்தறாங்க. போட்டாத்தானேய்யா 28 நாள் எண்ணறதுக்கு!

நடக்கிறவங்களுக்கும் டூ வீலருக்கும் பக்கத்துல ரெண்டு மூணு ஹியூம் பைப், அதான் பெரிய சிமெண்ட் குழாய், இறக்கி, மேல கிராவல் கொட்டுங்க, அவ்வளவுதான் கேக்கறோம். மலைத்தண்ணி வந்தா அடிச்சுக்கிட்டுப் போயிடும்ங்கறீங்களா? சரி, இரும்புத் தகடு போட்டு மேல ஒரு நடைபாலம் வைங்க. டெண்டர் போடறப்பவே சேர்த்திருக்க வேண்டியது இது. ஐப்பசி மழை ஒளிஞ்சு வர்றதில்லை, வருசா வருசம் வருது. ஏற்காட்டுல ராத்திரி கொட்டினா இங்க தோண்டின குழியெல்லாம் மண் மூடும். "மழைங்கண்ணா, வேலை நின்னு போச்சு"ங்கற பதில் இப்பவே ரெடியா இருக்கும்.

அடுத்த தடவை "வேலை நடக்குதுங்கண்ணா"ன்னு சொல்றதா இருந்தா, அந்தச் சென்ட்ரிங் பலகை மேல நடந்து அக்கரைக்கு வந்து சொல்லுங்க.