போன் மட்டுமா காரணம்?

பிள்ளைகள் போனே கதியென்று கிடக்கிறார்கள், மைதானத்துப் பக்கம் வருவதில்லை என்று கட்டுரையில் குறைப்பட்டிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் என் மகன் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சை என்று பள்ளிக்கூடம் விட்டதும் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். நாங்கள் இருப்பது கல்லடியில், பாலத்தைத் தாண்டினால் மட்டக்களப்பு வெபர் மைதானம். இந்த வருடம் இரண்டே தடவைதான் கூட்டிப்போனேன். பிழை என்னுடையதுதான், போனுடையதல்ல.

1996இல் லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 அடித்து இலங்கைக்குக் கிரிக்கெட் உலகக் கிண்ணம் கொண்டுவந்த கதையை எடுத்தால், "2023 ஆசியக் கிண்ண இறுதியில 50க்கு ஓல் அவுட்டானதையும் சொல்லுங்கப்பா" என்கிறான். போனில் பார்த்ததுதான். குசினிக்குள் இருந்து அவன் அம்மா சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.