‘அக்செப்டிங் டூப்ளிகேட் கீஸ்’ தீர்வல்ல

எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளில், அட்டவணையில் வரிகளைச் சேர்க்கும் இன்சர்ட் கட்டளை இரட்டைச் சாவியால் (அதே சாவியோடு ஏற்கெனவே ஒரு வரி இருப்பதால்) நின்றுபோனால் ‘அக்செப்டிங் டூப்ளிகேட் கீஸ்’ சேர்த்தால் போதும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். டம்ப் (நிரல் பாதியில் முறிந்ததற்கான பிழை அறிக்கை) வராது, அதுவரை உண்மை. ஆனால் இரட்டையான வரிகள் சத்தமில்லாமல் கைவிடப்பட்டு மற்றவை மட்டும் பதிவாகும். கட்டளையின் முடிவைக் காட்டும் எஸ்ஒய்-சப்ஆர்சி என்ற மாறி 4 (சில வரிகள் விடுபட்டன) என்று சொல்லும். அதை எத்தனை பேர் சோதிக்கிறோம்? 100 வரி அனுப்பி 97 பதிவானால், மீதி 3 எங்கே என்று கணக்கு முடிக்கும் நாளில்தான் தேடத் தொடங்குவீர்கள்.

முதலில், டம்ப்களைக் காட்டும் எஸ்டி22 திரையில் எந்த அட்டவணையில் மோதுகிறது என்று பாருங்கள். நான் அதிகம் கண்ட காரணம், ஆவணங்களுக்கு அடுத்தடுத்த எண் தரும் எண் வரிசை பின்தங்கியிருப்பதுதான். எண் வரிசையை வேறு சிஸ்டத்திலிருந்து டிரான்ஸ்போர்ட் செய்தால் (இங்கே கொண்டுவந்தால்) அங்கே கடைசியாகக் கொடுத்த நடப்பு எண்ணும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். (தானாகப் போகாது, யாரோ வேலை மெனக்கெட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள்.) பிறகு அடுத்த ஆவணத்துக்கு, ஏற்கெனவே இருக்கும் எண்ணே கிடைக்கும். எண் வரிசைகளை வைத்திருக்கும் என்ஆர்ஐவி அட்டவணையின் நடப்பு எண்ணையும், மோதிய அட்டவணையில் அந்த வரிசைக்குள் உள்ள மிகப் பெரிய எண்ணையும் ஒப்பிடுங்கள். முன்னது சிறியதாக இருந்தால் கோளாறு எண் வரிசையில்தான்; நிரலைத் தொடவே வேண்டாம்.

எண் வரிசை சரியாக இருந்தால், அனுப்பும் வரிகளை நிரல் நினைவகத்தில் வைத்திருக்கும் உள் அட்டவணையிலேயே ஒரே வரி இருமுறை நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள்.