ஃபார்வர்டுக்கு யார் சான்றிதழ் கொடுத்தது?

வெண்டைக்காய்த் தண்ணி குடித்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்று ஃபார்வர்டில் வந்த வீடியோ தப்பு என்று பதில் எழுதியிருந்தேன். அந்த விவகாரத்தில் இனி வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் என் பதிலின் ஸ்கிரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றுகிறது. "ஏஐயிடம் கேட்டு எழுதுகிற பார்மசிஸ்ட்" என்று அதற்குத் தலைப்பு வேறு. சொந்தக்காரர்களே இதயம் போட்டிருக்கிறார்கள். சரி, பேசிவிடுவோம்.

ஆமாம், ஏஐயிடம் கேட்டுத்தான் எழுதினேன். வரிக்கு வரி படித்து, இடித்த இடங்களைத் திருத்தி, என் பேரைப் போட்டு வெளியிட்டேன். "சர்க்கரை மாத்திரையை நிறுத்துங்கள், ஒரே வாரத்தில் குணம்" என்ற அந்த வீடியோவில் யார் பேர் இருந்தது? என்ன படிப்பு, எந்த ஊர்? ஒருத்தரும் கேட்கவில்லை. பேர் போட்டு எழுதியவளிடம் மட்டும் சான்றிதழ் கேட்கிறீர்கள்.

கடையில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும். போன மாதம் ஒரு பெரியவர் பாதி தீர்ந்த மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு, பில்லையும் மடித்துச் செருகிக் கொண்டுவந்து வைத்தார். "திருப்பி எடுத்துக்கம்மா, இனிமே வேண்டாம்." போனைக் காட்டினார். அதே வீடியோ. சுகர் எவ்வளவு ஐயா என்றேன். "பார்க்கலை, அதான் குணமாயிடுமே." பின்னால் சீட்டோடு கூட்டம் நிற்கும்போது அவருக்கு எவ்வளவு நேரம் விளக்க முடியும்?

இதற்குத்தான் ஏஐ வேண்டும் என்கிறேன். 2024இல் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. சதிக் கதைகளை நம்பும் 2,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை ஜிபிடி-4 என்ற ஏஐயுடன் பேச விட்டார்கள். நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, 2 மாதம் கழித்தும் ஏறவில்லை. மந்திரமெல்லாம் இல்லை. அவரவர் சொன்ன காரணத்துக்கே சலிக்காமல் பதில் சொன்னது. அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது, உங்களுக்கும் கிடையாது.

"ஏஐ தப்பாகச் சொல்லுமே?" சொல்லும். பீட்சாவில் சீஸ் நழுவாமல் இருக்கப் பசை கலக்கச் சொன்னது, சாட்ஜிபிடியைக் கேட்டுவிட்டு உப்புக்குப் பதில் சோடியம் புரோமைடு சாப்பிட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லாம் படித்தேன். அதனால்தான் விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்கிறேன். நான் செய்தது அதைத்தானே?

"சித்த மருத்துவத்தைக் கேவலப்படுத்துகிறாள்" என்றதுதான் தாங்கவில்லை. டெங்கு காலத்தில் அரசு கொடுத்த நிலவேம்புக் குடிநீரை வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவள் நான். முறையாகப் படித்த எந்தச் சித்த மருத்துவர் சுகர்கூடப் பார்க்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்? தமிழ்ப்பற்று பொங்குகிறவர்களுக்கு ஒன்று: உலக சுகாதார நிறுவனம் 2024இல் 'சாரா' என்று ஒரு ஏஐயை 8 மொழிகளில் கொண்டுவந்தது. இந்தி உண்டு, தமிழ் இல்லை. அதற்குக் கொதித்திருக்கலாம்.

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட 2 நாளில் இறந்தார். மாரடைப்பு, ஊசிக்குச் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். யார் கேட்டது? குடும்பக் குழுவில் வந்த ஆடியோவைக் கேட்டுவிட்டு எங்கள் பெரியப்பா ஊசியைத் தள்ளிப்போட்டார். மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்கு நாங்கள் அலைந்தது, இப்போது இதயம் போட்டவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த ஆடியோவை அனுப்பியவர் யார் என்பதும் தெரியும். இன்றுவரை அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை நீங்கள்.

அப்புறம், அந்த ஸ்கிரீன்ஷாட்டில் கடைப் பேரும் போன் நம்பரும் தெரிகிறது. காலையிலிருந்து கூப்பிட்டுத் திட்டுகிறார்கள். அதையாவது மறைத்துவிடுங்கள். கடை என்னுடையது இல்லை, நான் சம்பளத்துக்கு நிற்கிறவள்.